ரிவியில் வந்த சொட்டு மருந்து

செவ்வாய், நவம்பர் 4

இதைக் கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் இந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து எடுத்தீர்கள், அங்கேயே திரும்ப வையுங்கள். ஒருவருக்கும் காட்ட வேண்டாம். முக்கியமாக அம்மாவுக்கு. நான் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தமிழில் எழுதுவது என் தம்பி கவின் வாசிக்காமல் இருக்க. அவனுக்கு வாயில் ஒன்றும் நிற்காது. ஜெர்மன் என்றால் முழுக்க வாசித்து முடித்துவிடுவான். தமிழ் என்றால் முதல் வரியிலேயே கொட்டாவி.

இங்கே சுவிஸில் இந்தக் கிழமை முழுக்க மூடுபனி. மலைக்கு மேலே நல்ல வெயில் என்று ட்ராமில் ஒரு கிழவி சொன்னார். மேலே போக யாருக்கு நேரம்.

செய்ய வேண்டியவை: கணிதப் பயிற்சி. ஜிம் சப்பாத்து. பால்.

விசயம் இதுதான். அரிசி எடுக்க வாளியை நகர்த்தினேன். பின்னால் ஒரு பை. உள்ளே அப்பாவின் சீனி வருத்தத்துக்கான குளிசைப் பெட்டிகள். கோடையில் மருந்துக்கடையில் வாங்கியவை. ஒரு மாத்திரை அட்டைகூட உடைக்கவில்லை. அதோடு இரத்தத்தில் சீனி பார்க்கும் மெசின். அமத்தினால் வெளிச்சம் வரவில்லை.

அப்பா பின்னால் நின்றார்.

"பிள்ளை, அம்மாட்ட சொல்லிப்போடாத."

"ஏன் அப்பா குளிசை போடேல்ல?"

"இனித் தேவையில்ல. வேற மருந்து எடுக்கிறன். முதல் நல்லா வரட்டும், பிறகு நானே அம்மாவுக்குச் சொல்லுறன். சரியோ?"

ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன்.

வேற மருந்து: சின்ன மண்ணிறப் போத்தல். சொட்டுச் சொட்டாக நாக்குக்குக் கீழே. லேபலில் எனக்குத் தெரியாத எழுத்து. அது வந்த நாட்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஏன் என்று பிறகு.

பால் வாங்க மறந்துவிட்டேன்.


புதன், 5

இன்றும் பனி. பிரெஞ்சுச் சொற்கள் சோதனை, பரவாயில்லை.

அந்த நாட்டு அரசாங்க ரிவி அப்பாவின் போனில் தமிழில் வருகிறது. குரல் தமிழ்நாட்டு அக்கா ஒருவருடையது, நல்ல இனிமையான குரல். வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் சொட்டு மருந்தைத் தூக்கிக் காட்டுகிறார். பின்னால் கொடி. சீனி வருத்தம் வேரோடு போகுமாம், மேற்கு நாட்டுக்காரர்கள் இதை மறைக்கிறார்களாம். பிறகு எல்லாரும் கை தட்டுகிறார்கள். நேசன் அண்ணை என்று அப்பாவின் கூட்டாளி ஒருவர், அவர்தான் யாரிடமோ சொல்லிப் போத்தலை எடுப்பித்துக் கொடுத்தவர்.

அப்பா முட்டாள் இல்லை. முதியோர் இல்லத்தில் சமையல். சீனி வருத்தக்காரருக்கு அங்கே தனிப் புடிங் செய்பவர். யாராவது தட்டை மாற்றி வைத்தால் கத்துவார்.

அம்மா மருத்துவமனை வேலைக்குப் போன பிறகு கேட்டேன்.

"அவை சொல்லுறது உண்மை எண்டு எப்பிடித் தெரியும்?"

"அது அரசாங்க ரிவி, பிள்ளை. தெருவில போற ஆக்களில்ல."

"இஞ்ச டொக்டர் சொன்னவர்தானே?"

"இஞ்சத்தைய ஆக்கள்." சிரித்தார். "ஊரில எங்களுக்கு அடி விழேக்க இஞ்சத்தைய ரிவி ஒண்டாவது காட்டினதோ? நாங்கள் இந்த ரோட்டில பனிக்குள்ள நிண்டு கத்தினனாங்கள். ஒருத்தன் கமராவோட வந்தானோ? இவங்களைத் திட்டுறவன் எனக்குப் பொய் சொல்லமாட்டான்."

அவர்கள் பனிக்குள் நின்றது உண்மை. ஆனால் அதற்கும் சீனிக்கும் என்ன சம்பந்தம்? இதைக் கட்டிலில் படுத்த பிறகுதான் யோசித்தேன். எனக்கு எல்லாப் பதிலும் கட்டிலில்தான் வரும்.

இரவுச் சாப்பாட்டில் அம்மா, "என்னப்பா, நொண்டுறியள்?"

"சப்பாத்துக் கடிச்சுப்போட்டுது."

சப்பாத்து இல்லை. குளியலறைக் கூடையில் அவருடைய காலுறை பார்த்தேன். பெருவிரல் இடத்தில் மஞ்சளாக ஒட்டிக் காய்ந்திருந்தது.

கனடாப் பெரியப்பாவுக்கும் இப்படி ஒரு விரலில்தான் தொடங்கியது. இப்போது முழங்காலுக்குக் கீழே இல்லை. போனில் வரும்போதெல்லாம், "எனக்கு இனி ஒரு சப்பாத்துப் போதும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.


வெள்ளி, 7

மெசினுக்குப் பற்றரி வாங்கினேன். போட்டேன். வெளிச்சம் வருகிறது. என் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. ஒன்றாவது வேலை செய்யட்டும்.

லேனாவுக்குச் சொல்லிவிட்டேன்.

லேனா (இனி லே.) என் வகுப்பு, பக்கத்து மேசை. அந்த நாட்டில் பிறந்தவள். அவளுடைய மாமா இன்னும் அங்கே. அதனால்தான் பெயர் எழுதவில்லை. நாங்கள் கதைப்பது பேர்ண் ஜெர்மனில். அவள் சொன்னதை எங்கள் தமிழில் போடுகிறேன்.

முதலில் வீடியோவை மட்டும் காட்டினேன். கை தட்டும் இடம் வரமுதலே லே. சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"இதை ஆரும் நம்புறவையோ?"

"ஏன், உங்கட ஆக்கள் நம்புறேல்லையோ?"

"எங்கட ஆக்களோ? ரிவியில காய்ச்சல் முடிஞ்சுது எண்டு சொன்னா அண்டைக்குத்தான் அம்மா மாஸ்க் வாங்கப் போவா. தட்டுப்பாடு இல்ல எண்டு சொன்னா சனம் வரிசையில போய் நிக்கும். இதை நம்புறது வெளியில இருக்கிற ஆக்கள்தான். எங்களுக்கு அந்த வசதி இல்ல."

பிறகு: "அங்கத்தைய பெரிய ஆக்களுக்கு வயித்துக்குத்து எண்டாலும் சுவிஸுக்குத்தான் வருவினம். ஒருத்தரும் சொட்டு மருந்து குடிக்கிறேல்ல."

நானும் சிரித்தேன். பிறகு பெண்கள் கழிப்பறையில் அழுதேன். லே. கதவுக்கு வெளியே நின்றாள். அப்போதுதான் எல்லாம் சொன்னேன். அப்பா அம்மாவிடம் சொல்லாதே என்றார். லேனாவிடம் சொல்லாதே என்று சொல்லவில்லை. (இது ஏமாற்றுத்தான். தெரியும்.)

"நாளைக்கு உங்கட வீட்ட வாறன்."

"வந்து என்ன செய்வாய்?"

"ரோல்ஸ் சாப்பிடுவன்."


சனி, 8

தமிழ்ப் பள்ளி, கட்டுரை: 'நான் விரும்பும் பருவகாலம்'. கோடை என்று எழுதினேன். எல்லாரும் கோடை.

பின்னேரம் லே. வந்தாள். அம்மா வேலையில். அப்பா தானே ரோல்ஸ் பொரித்தார், நொண்டிக்கொண்டு. லே. எந்த நாட்டுக்காரி என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்கட டொக்டர்மார் நல்ல கெட்டிக்காரர்" என்றார் ஜெர்மனில். போனை எடுத்து வெள்ளைக் கோட்காரரைக் காட்டினார்.

லே. சிரித்தால் முடிந்தது. தன்னைப் பார்த்துச் சிரித்தால் அப்பாவுக்குப் பிடிக்காது.

லே. சிரிக்கவில்லை. ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு முழுக்கப் பார்த்தாள்.

"என்ர மாமாவுக்கும் சீனி வருத்தம்."

"அப்ப இந்தச் சொட்டு எடுக்கிறாரோ?" அப்பாவின் குரலில் அவ்வளவு ஆசை.

"இல்ல. நாங்கள் இஞ்சயிருந்துதான் குளிசை அனுப்புறனாங்கள். ஆரும் அங்க போனா காலுறைக்குள்ள சுத்திக் குடுத்துவிடுவம். அங்க குளிசை கிடைக்கிறேல்ல. கிடைக்காததாலதான் ரிவியில சொட்டு மருந்து."

அப்பா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திடீரென்று சிரிப்பு.

"காலுறைக்குள்ளயோ? நாங்கள் மாப்பெட்டிக்குள்ள. சண்டை நேரம் எங்கட அம்மா மருந்தைப் பால்மாப் பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டுவந்தவ." அவர் ஊரைப் பற்றி ஜெர்மனில் கதைத்து நான் கேட்டதேயில்லை. "அரசாங்க றேடியோ சொல்லும், வடக்கில மருந்துக்கு ஒரு குறையும் இல்ல எண்டு. அதைக் கேட்ட உடன ஊரில இருக்கிற சைக்கிள் எல்லாம் மருந்துக்கடைக்குத்தான் ஓடும். குறையில்ல எண்டு சொன்னா முடிஞ்சுது எண்டு அர்த்தம்."

லேனாவுக்கு ரோல்ஸ் புரையேறிவிட்டது. "எங்கட வீட்டிலயும் அதுதான். அச்சொட்டா அதேதான்."

இரண்டு பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். யார் சொன்ன பொய் பெரியது என்று போட்டி வேறு. அப்பா ஒன்று, லே. ஒன்று. நான் நடுவில். என் வாய்க்குள் ஒரு கேள்வி இருந்தது. கேட்கப் பயம்.

அப்பா முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

"அது வேற, இது வேற" என்றார்.

நான் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை.


ஞாயிறு, 9

பனி. கோயில் போகவில்லை, அப்பாவுக்குக் கால் நோகிறது. அம்மாவிடம் 'நித்திரை வருது' என்றார்.

அப்பா சோபாவில். போனில் அந்த ரிவி ஓடுகிறது, ஆனால் சத்தத்தைக் குறைத்திருந்தார். அக்காவின் இனிமையான குரல் இல்லாமல் பார்த்தால் வெள்ளைக் கோட்காரர் வேறு மாதிரி. கண் இரண்டும் இடப்பக்கமாகப் போய்ப் போய் வருகிறது. எதையோ வாசிக்கிறார்.

அப்பாவும் அதைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"பிள்ளை, லேனாட மாமா என்ன குளிசை எடுக்கிறவராம்?"

"அவள் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினவள். உங்கட குளிசைதான் அப்பா. அதே பெட்டி."

"ம்."

அவ்வளவுதான். தேத்தண்ணி கேட்டார். சீனி போடட்டோ என்று கேட்டேன். "விசரே உனக்கு, வேண்டாம்" என்றார். நல்ல அறிகுறியா? தெரியவில்லை.

அப்பாவின் கால்விரல் இப்போது மணக்கிறது, கெட்ட மணம். நான் பக்கத்தில் இருந்ததால் தெரிந்தது. அம்மாவின் மூக்குக்கு மருத்துவமனை மணம் பழகிவிட்டது போல.

முடிவு எடுத்திருக்கிறேன். நாளை இரவுக்குள் அப்பா சொல்லாவிட்டால் நான் அம்மாவிடம் சொல்வேன். வாக்கு உடையட்டும். அப்பா என்னோடு கதைக்காமல் இருக்கட்டும். இரண்டு சப்பாத்தும் போட்டுக்கொண்டு கதைக்காமல் இருக்கட்டும்.


திங்கள், 10

பள்ளியால் வரும்போது பாலத்தில் நின்றேன். பனி கொஞ்சம் விலகி மலை தெரிந்தது, முழுக்க, வெள்ளையாக. எல்லாரும் போனைத் தூக்கினார்கள். பிறகு மறுபடி மூடிக்கொண்டது. பரவாயில்லை. அங்கேதான் இருக்கிறது.

கணிதம் ஆறுக்கு 5. ஜிம் சப்பாத்து மறுபடியும் மறந்தேன்.

லே. கேட்டாள், "சொன்னவரோ?" இல்லை என்றேன். "உன்ர அப்பா கெட்டிக்காரன். றேடியோக் கதை தானாத்தானே சொன்னவர்" என்றாள்.

சாப்பாடு: இடியப்பம், சொதி. அப்பா குறைவாகச் சாப்பிட்டார். கவின் மட்டும் ஐஸ் ஹாக்கி, ஐஸ் ஹாக்கி.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்க்கிறேன்.

'அம்மா, கோபிக்காதேங்கோ.' வேண்டாம்.

'அம்மா, அப்பாட காலைப் பாருங்கோ.' இது சரி. இவ்வளவு போதும். மிச்சத்தை அம்மா பார்ப்பா.

குசினியில் சத்தம். அரிசி வாளியை நகர்த்துகிறார்கள். பைச் சத்தம். அப்பாவின் குரல், தணிந்து, கன நேரமாக. யாரோ மூக்கு உறிஞ்சுகிறார்கள். பிறகு அம்மா, "நாளைக்கு விடியவே டொக்டருக்குப் போன் அடிக்கிறன், கால நீட்டுங்கோ பாப்பம்."

நடக்கிற சத்தம். ஒரு கால் மெதுவாக, ஒரு கால்

தட்டுகிறார்கள்.

"பிள்ளை, நித்திரையோ? அந்த மெசின் உன்னட்டையோ? அம்மா கேக்கிறா."

அம்மா கேட்கிறா என்றால் அப்பாவே சொல்லிவிட்டார்.