கழுகின் காலில் ஏலச்செடி

பீரோவைத் திறந்ததும் ஏலக்காய் வாசம். பூச்சி வராமலிருக்கப் போர்வையின் மடிப்புகளில் நீ போட்டுவைத்த காய்கள். போர்வையை எடுத்துக் கட்டிலில் விரித்தேன். நடுவில் உன் கழுகு.

பாதி வாழ்க்கையை அமெரிக்காவில் கழித்து, அந்த நாட்டுக் குடிமகளாகிவிட்டு, நோயோடு குரங்கணியில் தம்பி வீட்டுக்கு வந்த மாதங்களில் நீ தைத்தது. “ஏடி, சொந்த ஊருக்கு வர விசா வாங்குனேன்” என்று சிரித்தாய். உன் சின்ன வயதுச் சிநேகிதி நான், ஞாயிற்றுக்கிழமைகளில் போடியிலிருந்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த நாடு புதிதாகப் பிறந்தபோது சாதாரண மக்கள் போர்வையிலும் மரப்பெட்டியிலும் கூரை உச்சியிலும் அதன் சின்னமான கழுகை வைத்துக்கொண்டார்களாம். பலர் பார்த்துச் செய்தது காசில் இருந்த கழுகை, பறவையை அல்ல. அதனால் சில கிளி மாதிரி, சில வான்கோழி மாதிரி இருக்கும் என்றாய். கொடி, சின்னம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. வரலாறு படித்ததில் மிஞ்சியது அதுதான். “இது எந்த நாட்டுக்குச் சின்னம்டி?” என்றேன். “ரெண்டுக்கும்.” கழுகின் ஒரு காலில் அம்புகள். மறுகாலில் அவர்கள் சமாதானத்துக்கு வைக்கும் ஒலிவக் கிளைக்குப் பதில் ஏலச்செடி: நீண்ட இலைகள், உச்சியில் கொத்தாகக் காய்.

உன் தம்பி காப்பியோடு வந்தான்.

“என்னக்கா, கோழி எதையோ கவ்விக்கிட்டு நிக்குது?”

“கழுகுடா. ஏலச்செடி வச்சிருக்கு.”

குனிந்து பார்த்தவன் சிரித்துவிட்டான். “ஏலக்கா என்னைக்குக்கா உச்சியில காய்ச்சுச்சு? தூருல, தரையோடதானே சரம் ஓடும்! சின்னப்பிள்ளையில குனிஞ்சு குனிஞ்சு பறிச்சோமே, மறந்துட்டியா?”

நீயும் சிரித்தாய். அவன் போனதும் சிரிப்பு நின்றது. ஜன்னலுக்கு வெளியே சரிவு முழுக்க ஏலம்.

“அவங்க கழுகைப் பார்த்ததில்ல. நான் இதுக்குள்ளயே வளர்ந்தவடி” என்றாய். கத்தரியை எடுத்துக் காய்களைப் பிரிக்க ஆரம்பித்தாய். இரண்டு காய் போனதும் உன் கையைப் பிடித்தேன்.

“விடு. இருக்கட்டும்.”

“தப்பாவேயா?”

“அவங்க கழுகு மட்டும் சரியாவா இருந்துச்சு?”

கத்தரியைக் கீழே வைத்தாய்.

நீ இறந்தபின் போர்வை என் வீட்டுக்கு வந்தது. போன வாரம் உன் தம்பி வந்திருந்தான். “தைக்கிற ஆள் இருக்கு. அந்த ஏலக்காயைத் திருத்திருவமாக்கா?” என்றான். “வேணாம்ப்பா” என்றேன்.

படிக்க மதுரைக்குப் போனதைத் தவிர நான் இந்த ஊரை விட்டுப் போனதில்லை. ஏலக்காய் எங்கே காய்க்கும் என்பதை மறக்க வாய்ப்பே இல்லை. ஆனால் போடி பஜார் முழுக்க நடந்தாலும் என்னை ‘ஏடி’ என்று கூப்பிட ஒருவரும் இல்லை.

மலைக்குளிர் இறங்கும்போது போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறேன். நீ பிரித்த இரண்டு காய்களின் ஊசித்துளைகள் விரலில் தட்டுப்படுகின்றன. கையை அங்கேயே வைத்தபடி படுத்திருக்கிறேன்.