ஏழாம் இலக்கச் சத்தம்

ஆரையம்பதி
09.02.2025

அன்பு மருமகள் மேனுகாவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் பதின்மூன்று வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். உன் அப்பா ஊருக்கு வந்து, தன் பழைய பேஸ் கிற்றாரையும் அதன் சிந்தசைசர் பெட்டியையும் என் அலுமாரியில் வைத்தபோதே, "மச்சான், உங்கட மகள் ஒரு நாளைக்கு இதைக் கேட்டு எனக்கு எழுதுவாள், பாருங்க" என்றேன். எழுதிவிட்டாய்!

அந்தக் காலத்துப் பாட்டுக் கோஷ்டியில் ட்ரம்ஸ் அடித்த கதிர்காமத்தம்பி, "என்னகா, நித்திரையா?" என்று உன் அப்பாவை ஏசுவான். தடித்த தந்தியைத் தட்டினால், அது என்ன சுரம் என்று யோசித்துவிட்டுத்தான் பெட்டி சத்தம் போடும். "தாளத்துக்குக் கொஞ்சம் முந்தித் தட்டுங்க" என்று கண்டுபிடித்துச் சொன்னவன் நான்தான். கேள்விப்பட்டு, பெட்டியைச் செய்த ஜப்பான்காரனே எனக்குக் கடிதம் போட்டான்.

நாளைக்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே எல்லாவற்றையும் புதுசாக்கி அனுப்புகிறேன்.

உன் மாமா,
அருமைநாயகம்

ரொறன்ரோ
24.02.2025

அன்புள்ள மாமா,

போனில் நீங்கள் மட்டும்தான் பேசுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே காசு மாதிரி ஒரு பற்றறி இருக்கும். அதைக் கழற்றினால் அப்பா செய்து வைத்த சத்தங்கள் எல்லாம் அழிந்துவிடும்.

ஆறு வருடம் நானும் அப்பாவும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: "பெட்டியில ஏழாம் இலக்கத்தில உனக்கு ஒரு சத்தம் வச்சிருக்கன். மாமாட்டக் கேள்." எனக்கென்று அவர் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

மேனுகா

ஆரையம்பதி
30.03.2025

அன்பு மருமகளே,

பற்றறியா? நான் தொடுவேனா? எட்டாம் வகுப்போடு நின்றாலும் அந்த விசயம் எனக்கு உனக்கு முன்பே தெரியும். கிற்றாரும் பெட்டியும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. இரண்டையும் இணைக்கிற வயரில் இருபத்துநாலு ஊசிகள். ஒன்றும் வளையாமல் நானே சுற்றினேன். ஏழாம் இலக்கம் அப்படியே இருக்கிறது.

மாமா

ரொறன்ரோ
18.05.2025

அன்புள்ள மாமா,

வந்து சேர்ந்தது. தடித்த தந்தியைத் தட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. மறுகணம், குடத்துக்குள் யாரோ முனகுவது போல அது எழும்பியது. நடுவில் இருந்த அந்தச் சின்ன இடைவெளி, ஏசத் தொடங்குமுன் அப்பா எடுக்கிற மூச்சு மாதிரியே இருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு, "சொல்லுங்கப்பா" என்றேன்.

அப்பாவின் முதலாண்டு ஆட்டைத் திவசத்தில் எல்லோருக்கும் இதை வாசித்துக் காட்டப்போகிறேன். அப்பா இதை எப்படிச் செய்தார் என்று விபரமாக எழுதுங்கள். அதையும் வாசிப்பேன்.

மேனுகா

ஆரையம்பதி
08.06.2025

என் பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதைச் சபையில் வாசிக்காதே.

பெட்டியோடு ஊருக்கு வந்த அந்த முறை உன் அப்பா என்னோடு தோணியில் வந்தார். துடுப்பை வாவித் தண்ணீரில் விட்டு, மேல் நுனியைக் காதில் வைத்தார். அடியில் மீன் பாடுவது அப்படித்தான் கேட்கும். வீட்டுக்கு வந்து மூன்று நாள் பெட்டியோடு இருந்தார். "இவள் மேனுகா சின்னனில நித்திரைக்கு முனகினதும் இப்பிடித்தான்" என்றார். எனக்கு ஒரேயொரு தரம் வாசித்துக் காட்டினார். இது சத்தியம்.

உன் எச்சரிக்கை வந்து சேருமுன்பே நான் பற்றறியை மாற்றிவிட்டேன். ஏழாம் இலக்கத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. பத்து நாள் விடியப்புறம் தோணியில் போய்த் துடுப்பில் காதை வைத்துக் கேட்டேன். அது முடிய மறுகா வீட்டுக்கு வந்து, ஞாபகத்தில் இருந்ததை வைத்துப் பெட்டியின் குமிழ்களைத் திருகித் திருகிப் பார்த்தேன்.

நீ கேட்ட அந்த மூச்சு பெட்டியினுடையது. அவர் தட்டினாலும் அதே இடைவெளிதான், அதில் என் கை இல்லை.

அதற்குப் பிறகு எழும்புகிற சத்தம் மட்டும் உன் அப்பா செய்ததில்லை மகள். நான் செய்தது.

அருமைநாயகம்