பெர்கர் அம்மாவின் வெயில் தொப்பி

துன், சுவிஸ்
12.06.1994

என் அன்புக் கௌரிக்கு,

நான் சுகம். நீயும் மாமியும் சுகம்தானே? மாடுகளையும் கேட்டதாகச் சொல். கேட்காவிட்டால் கோபிப்பாய்.

இங்கே தங்குவதற்கான பெர்மிட் வந்துவிட்டது. இனி மனைவியைக் கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். வீடும் பார்த்து வைத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். நீ எப்போது வருகிறாய்?

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு பெர்கர் அம்மா என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். பின்னேரத் தேநீர் கொண்டுபோனால் என்னை விடமாட்டார். இளவயதில் கணவர் வால்டரோடு ஆபிரிக்காவுக்குப் போய், தங்கனிக்காவில் கோப்பித் தோட்டம் செய்தாராம். அப்போது அங்கே வெள்ளைக்காரன் ஆட்சி. வால்டருக்கு மலேரியா விடாமல் பிடித்ததால் டாக்டர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த அம்மா, "இந்தக் கோப்பியைப் பறித்து முடித்துவிட்டு வருகிறேன்" என்று எழுதினாராம். அடுத்த வருடமும் அதையேதான் எழுதினாராம். கடைசியில் வால்டர் இறந்துவிட்டார் என்ற தந்திதான் போனது. கோப்பி காயப்போட்ட முற்றத்தில் நின்றுதான் அதை வாசித்தாராம்.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே விளங்கும். "வயலில் இந்த வேளாண்மை வெட்டி முடியட்டும், மச்சான்" என்று நீ எழுதுவதை நான் எத்தனை கடிதத்தில் வாசித்துவிட்டேன்!

உன்னையே நினைத்திருக்கும்,
இராஜசிங்கம்


வவுணதீவு, மட்டக்களப்பு
17.07.1994

அன்பு மச்சானுக்கு கௌரி எழுதுவது,

மாடுகள் சுகம். அம்மாவும் சுகம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். ஏரி வருகிற இடத்தில், "அங்க வாவி இருந்தா இங்க என்ன குளமா இருக்கு? நம்மட வாவிக்கு என்ன குறை?" என்று கேட்டா.

பெர்கர் அம்மாவின் கதையை வாசித்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. ஆபிரிக்காக் கப்பல் ஒரு பக்கம் மட்டும்தான் ஓடியதா? வால்டருக்குச் சுகமான பிறகு அவர் ஏறியிருக்கக் கூடாதா?

இன்னொன்று. நம் ஊரில் கலியாணம் கட்டினால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்கு வருவது. வயலும் வளவும் தாய் வழியாக மகளுக்கு வருவது. நீங்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தவர்தானே? இப்போது என்னைப் பெட்டி கட்டச் சொல்கிறீர்கள். அங்கே போனதும் வழக்கம் மாறிவிட்டதோ?

அந்த அம்மாவிடம் இதையும் கேளுங்கள்: அவ அங்கே தோட்டம் செய்தாவே, அது முதலில் யாருடைய மண்?

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஜெயகௌரி


துன்
04.09.1994

அன்புக் கௌரிக்கு,

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டேன். என் ஜெர்மன் மொழி உனக்குத் தெரியாது, நொண்டிக்கொண்டுதான் போகும். ஆனால் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்:

"உன் மனைவி சரியாகக் கேட்கிறாள். அந்த மண் அங்கே இருந்தவர்களுடையது. எங்களைப் போன்ற வெள்ளைக்காரர்கள் பிடுங்கினார்கள், நாங்கள் போய் நட்டோம். பின்னாளில் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அது சரி. என்னுடையது அல்லாத ஒன்றுக்காக என்னுடைய ஒருவனை விட்டுவிட்டேன். அதுதான் என் கதை."

உன் மண் உன்னுடையது, கௌரி. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்குப் பயம் இருக்கிறது. அங்கே வந்து இறங்கினால் வயலுக்குப் போவதற்கு முன் ஆமிக் காம்புக்குத்தான் போவேனோ என்று பயம். அன்று இராணுவம் என்னைப் பிடித்துக்கொண்டு போனபோது நீதான் அந்த முகாம் வாசலில் காத்துக்கிடந்தாய். அதை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்க மாட்டாய்.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன், நீ எப்போது வருகிறாய்?

இராஜசிங்கம்


வவுணதீவு
16.10.1994

அன்பு மச்சான்,

விதைத்தாயிற்று. மழையும் நல்ல நேரத்தில் பிடித்துக்கொண்டது. முழங்காலளவு சேற்றில் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

போன மாதம் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அங்கே வரலாம் என்று குகதாசன் அண்ணை வீடு வரைக்கும் போனேன். அவர் உட்காரக் கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார், மனைவியின் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தார். நானும் கதைத்துவிட்டு, குத்தகையைப் பற்றி வாயே திறக்காமல் திரும்பி வந்தேன். வழியெல்லாம் என்னை நானே ஏசிக்கொண்டேன்.

எனக்கு நீங்கள் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் வேண்டும். சோறு இறக்கும்போதெல்லாம் வேண்டும். இங்கே இல்லாமல் நான் யார் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாவிடம் கடைசியாக ஒன்று கேளுங்கள். வால்டர் ஒருநாளாவது "நான் அங்கே வரட்டுமா?" என்று எழுதினாரா?

ஜெயகௌரி


துன்
18.12.1994

என் கௌரிக்கு,

கேட்டேன். "இல்லை" என்றார். "நானும் வா என்று எழுதவில்லை. அவர் நீ எப்போது வருகிறாய் என்றுதான் எழுதினார், நான் பறித்து முடித்துவிட்டு வருகிறேன் என்றுதான் எழுதினேன். எங்களுக்கு அதுதான் அன்பு என்று நினைப்பு."

அறைக்கு வந்து படுத்தேன். உனக்கு நான் எழுதிய கடிதங்களிலெல்லாம் வால்டரின் அந்த ஒரு கேள்விதான் இருக்கிறது.

கௌரி, நான் வரட்டுமா?

போனால் இந்தப் பெர்மிட் போய்விடும், திரும்பிவர முடியாது. தெரிந்துதான் கேட்கிறேன். பயமும் போகவில்லை. பயத்தோடுதான் கேட்கிறேன்.

பெர்கர் அம்மாவிடம் சொன்னபோது அலுமாரியைத் திறந்து ஒரு வைக்கோல் தொப்பியை எடுத்தார். அகலமானது, ஓரம் எலி கடித்தது போல இருக்கிறது. கோப்பிக்குள் நிற்கும்போது போட்டதாம். "வயலில் நிற்கிறவளுக்குக் கொடு" என்றார். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. வாங்கிக்கொண்டேன். உனக்கு அது பொருந்துமோ தெரியாது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
இராஜசிங்கம்


வவுணதீவு
20.01.1995

மச்சான்,

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கிணற்றடியில் இருந்து அழுதேன். அம்மா பயந்துபோய், "என்ன கா, ஆருக்கு என்ன?" என்று ஓடிவந்தா. "மருமகன் வரட்டா எண்டு கேக்கிறார்" என்றேன். "அதுக்கு ஏன் கா அழுறாய், ஓமெண்டு எழுதன்" என்று ஏசிவிட்டு, கோழிகளை எண்ணப் போய்விட்டா. உங்கள் விருந்துக்கு எந்தக் கோழி என்று இப்போதே பார்த்து வைத்திருக்கிறா.

சண்டை நிறுத்தம் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. அதை மறைத்து வா என்று எழுத எனக்கு மனமில்லை. பயமாக இருந்தால் அங்கேயே இருங்கள், நான் கோபிக்க மாட்டேன். குகதாசன் அண்ணையிடம் இந்த முறை வாய் திறந்து கதைப்பேன், நானே வருவேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், இனி எனக்கும் பெட்டி கட்ட முடியும்.

ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லத்தானே வேண்டும். வாங்க. கதிர் சாய்ந்துவிட்டது, மாசியில் வெட்டு. அதற்குள் வாங்க.

பெர்கர் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். தொப்பி எனக்கு வேண்டாம், எனக்குச் சேலைத் தலைப்பு போதும். இத்தனை வருடம் பனிக்குள் இருந்த உங்களுக்குத்தான் இந்த வெயில் தாங்காது. நீங்களே அதைப் போட்டுக்கொண்டு வாங்க. வரம்பில் நிற்கும் எனக்குத் தூரத்திலேயே ஆளைத் தெரியும்.

கௌரி