ஸ்கீயின் அடியில் ஒரு பொட்டு

மச்சாள்,

நேற்று உன் பிக்கரிங் வீட்டுக் கராஜை ஒதுக்கும்போது உன் பழைய அயன்பொக்ஸ் கையில் அகப்பட்டது. வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் செருகினேன். சூடு ஏற ஏற மெழுகு மணம் கிளம்பியது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நீ தேய்த்த மெழுகு அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வந்த வேலையை விட்டுவிட்டுச் சீமெந்து நிலத்தில் இருந்து அழுதேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். சிரி, எனக்கென்ன.

அது உன் அம்மா, என் மாமி, சேலை அயன் பண்ணுவதற்கு வாங்கிய பெட்டி. ஸ்காபரோ அப்பார்ட்மென்ட் குசினியில் இரண்டு கதிரைகளுக்குக் குறுக்கே பனியில் வழுக்க நீ காலில் மாட்டும் ஸ்கீப் பலகைகளைக் கவிழ்த்துப் போட்டு, அந்தப் பெட்டியால்தான் அடிப்பக்கத்துக்கு மெழுகு உருக்கித் தேய்ப்பாய். வழுக்க வேண்டுமென்றால் மெழுகு வேண்டும் என்பாய். ஒருநாள் பெட்டியைத் துடைக்காமல் வைத்துவிட்டாய். மாமாவின் வெள்ளைச் சேட்டின் முதுகில் பட்டை பட்டையாக மெழுகு. பாவம், அவர் முதுகை அவர் எங்கே கண்டார், அப்படியே வேலைக்குப் போய்வந்தார். மாமி உன்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, பெட்டியை உனக்கே தந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார்.

மற்றப் பிள்ளைகள் மலையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தால் போதும் என்றிருக்க, உனக்கு அது காணாது. சரிவில் வேகமாக இறங்கி, பனியால் கட்டிய மேட்டில் ஏறி, அங்கிருந்து ஆகாயத்தில் எறிபட்டு, தலைகீழாகக் குத்துக்கரணம் அடித்து, மறுபடி காலில் வந்து நிற்கவேண்டும். பள்ளிக்கூட ஜிம்னாஸ்ரிக்ஸில் நீ பாய்ந்த பாய்ச்சலைக் கண்டு இந்த விளையாட்டுக்கு உன்னை இழுத்தவர் ஒரு கியூபெக்காரர். கோடையில் பனி இல்லாததால் ஸ்கீயோடு குளத்துக்குள் குதித்துப் பழக்குவார். அந்தக் கோடை முழுவதும் நீ நீச்சல் வகுப்புக்குப் போகிறாய் என்று மாமி ஊரெல்லாம் பெருமை பேசினார். குளிக்கும் உடுப்போடு சப்பாத்தும் ஏன் நனைந்து வருகிறது என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். கனடாவில் அப்படித்தான் என்று சொன்னேன். இந்த நாட்டைப் பற்றி எதைச் சொன்னாலும் மாமி நம்பிய காலம் அது.

உண்மை தெரிந்த அன்று மாமி கத்தவில்லை. அதுதான் எங்கள் இருவரையும் பயமுறுத்தியது. மாமியை உனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் தலைக்கு மேலே ஹெலிகொப்டர் வந்து சுட்ட நாட்களில் பழகிய பழக்கம், இங்கே வந்தும் போகவில்லை. விமானச் சத்தம் கேட்டால் நடுறோட்டில் என்றாலும் குனிந்துவிடுவார். சத்தம் போகும்வரை நிமிர மாட்டார். அந்த மனுசியிடம் போய், உங்கள் மகள் ஆகாயத்தில் பறக்கிறாள், வந்து பாருங்கள் என்றால்?

"வானத்திலையிருந்து விழுறதெல்லாம் நாங்கள் பாத்தாச்சு பிள்ளை. நீயும் விழுறதை என்னாலை பாக்கேலாது. போறதெண்டால் போ. என்னைக் கூப்பிடாதை."

நீ போனாய். வென்றாய். பதக்கங்களைக் கொண்டுவந்து சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தாய். மாமி அவற்றைத் தூசி தட்டி வைத்தாரே தவிர, ஒருநாளும் மலைப்பக்கம் வரவில்லை. உனக்குப் பதக்கம் பெரிதாக இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் இறங்கி நின்றதும் முதலில் கார்கள் நிற்கும் பக்கம்தான் உன் கண் போகும்.

பிறகு மாமா ஒரு வான் வாங்கினார். றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் வாகனப் பூசைக்குக் கொண்டுபோனபோது, பின்னால் கிடந்த உன் ஸ்கீக்களையும் இறக்கச் சொன்னார் மாமி. "உதுவும் ஓடுற சாமான்தானே" என்றார். ஐயர் ஒன்றும் கேட்காமல் நுனியில் சந்தனம் வைத்து, பூப்போட்டு, தேங்காய் உடைத்தார். மாமிக்குத் திருப்தி இல்லை. வானுக்குச் சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்களே, நிலத்தில் படுகிற இடத்துக்கல்லவா காவல் வேண்டும்? நீ செருப்புத் தேடப் போன நேரம் பார்த்து ஸ்கீக்களைக் கவிழ்த்து, அந்த வெள்ளை அடிப்பக்கத்தில் குங்குமத்தைக் குழைத்து அழுத்தி அழுத்திப் பொட்டு வைத்தார். நான் பக்கத்தில் நின்று தட்டைப் பிடித்தேன்.

அதைக் கண்டபோது உன் முகம் போன போக்கு! ஆனால் மாமியின் கண்முன்னால் துடைக்க உனக்கு மனம் வரவில்லை. வீட்டில் மெல்லமாகத் துடைத்துவிட்டு மேலே மெழுகு உருக்கினாய். மிச்சமிருந்த குங்குமம் மெழுகோடு உருகி உள்ளே இறங்கிவிட்டது. அடுத்தநாள் பயிற்சியில் ஸ்கீ பனியைப் பிடித்து இழுத்தது. வேகம் காணாமல் மேட்டைத் தாண்டி விழவேண்டியவள் மேட்டுக்குக் கிட்டவே விழுந்து தோளை அடித்துக்கொண்டாய். கியூபெக்காரர் ஸ்கீயைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் என்னவோ சொன்னார். பிரார்த்தனை இல்லை என்பது மட்டும் விளங்கியது. இரண்டுபேருமாகச் சுரண்டிச் சுரண்டி மெழுகு பூசினீர்கள். வழுக்கல் திரும்பி வந்தது, சிவப்பு மட்டும் போகவில்லை.

தோள் வீக்கத்தோடு வீட்டுக்கு வந்து மாமியிடம் நீ சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். வேறொருத்தியாக இருந்தால் குறை சொல்லியிருப்பாள்.

"அம்மா, நீங்கள் வைச்ச பொட்டு அழியேல்லை. நான் தலைகீழாப் போகேக்கை கீழை நிக்கிற ஆக்களுக்கு வடிவாத் தெரியும். ஒருக்கா வந்து பாருங்கோவன்."

மாமி பேச்சை மாற்றித் தோளுக்கு ஒத்தடம் போட்டார். ஆனால் கனடாச் சாம்பியன் போட்டியன்று, நாங்கள் புறப்படும்போது, வானுக்குள் கம்பளியோடு ஏறி இருந்தார்.

மலையடியில் வானைவிட்டு இறங்கவே அரைமனது. இறங்கியும் என் கையைப் பிடித்துக்கொண்டு பனியைப் பார்த்தபடியே நின்றார். மேலே நின்றவர்கள் எல்லாருக்கும் ஒரே தலைக்கவசம், ஒரே மாதிரி உடுப்பு. எனக்கே யார் யாரென்று தெரியவில்லை. உன் முறை வந்ததும் சொன்னேன். மாமி நிமிரவில்லை, கை மட்டும் இறுகியது. சரிவில் உன் ஸ்கீ உரசி வரும் சத்தம் கிட்டக் கிட்ட வந்து, மேட்டில் ஏறியதும் சட்டென்று நின்றுபோயிற்று. அந்த அமைதியில்தான் மாமி பயந்து தலையை நிமிர்த்தினார்.

நீ ஆகாயத்தில் தலைகீழாக இருந்தாய். வெள்ளை ஸ்கீ இரண்டிலும் பொட்டு.

"உது என்ரை பிள்ளை," என்றார் மாமி. நீ இறங்கி நின்ற பிறகும் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று நீ சாம்பியன் ஆனாய். பொட்டுத்தான் வெல்ல வைத்தது என்று மாமி ஊரெல்லாம் சொன்னார். தோள் அடிபட்டதும் அந்தப் பொட்டால்தான் என்று நீ கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு ஐரோப்பிய மலைகள், தேசிய அணி, முழங்கால் முறிவு, அதிலிருந்து எழும்பி இன்னுமொரு முறை சாம்பியன். முழங்கால் இனி வேண்டாம் என்று சொன்னபோது நீ சண்டை பிடிக்காமல் விட்டது எனக்கு அதிசயம். பிக்கரிங்கில் வீடு வாங்கினாய், எல்லாரையும் போல ரெயின் ஏறி வேலைக்குப் போனாய், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் குத்துக்கரணம் பழக்கினாய். என் மகள் பயந்து நின்றபோது நீ அவளுக்குச் சொன்னாய்: "தலைகீழா நிக்கேக்கையும் தரை எங்கை எண்டு தேடு. அதைக் கண்டிட்டால் பயம் போயிடும்."

உடம்புக்கு மாறாத வருத்தம் வந்து படுத்த பிறகு ஆஸ்பத்திரியில் அதையே உனக்குத் திருப்பிச் சொன்னேன். "கண்டிட்டன் மச்சாள், இறங்கிறதுதான் பாக்கி" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, அதற்காக இன்றும் உன்னோடு கோபம். பிறகு என் கையைப் பிடித்து, "அம்மாவைத் திரும்பக் குனிய விடாதை" என்றாய்.

நான் தோற்றுத்தான் போனேன் மச்சாள். உன் செத்தவீட்டுக்குப் பிறகு மாமி மறுபடி குனிந்துவிட்டார். விமானம் வேண்டாம், காற்று அடித்தாலே குனிகிறார். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி பேசுகிறார். ஒரு வருடமாக என் முகத்தை அவர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இன்று உன் முதல் வருடத்து ஆட்டைத் திவசம். ஐயர் வந்து போன பிறகு, கராஜில் அயன்பொக்ஸுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்கீக்களைக் கொண்டுபோய் மாமி வீட்டு ஹோலில், கூரைக்குக் கிட்ட, அடிப்பக்கம் தெரிய மாட்டினேன். ஆணி அடிக்கும் சத்தம் கேட்டு மாமி வந்தார்.

"ஏன் இவ்வளவு உயரத்திலை?" என்று நிலத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அது உயரத்திலை இருக்கிற சாமான்தானே மாமி."

பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல நிமிர்ந்தார்.

"மங்கிப்போச்சு," என்றார். உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்தார். அவருக்கு ஏற முடியாது. நான் கதிரையில் ஏறினேன். திட்டுவதற்குக் கியூபெக்காரரும் இல்லை, முகத்தைச் சுளிக்க நீயும் இல்லை. ஆசைதீரக் குழைத்து வைத்தேன். மாமி கீழே நின்று, அண்ணாந்து பார்த்தபடி, சொல்லிக்கொண்டேயிருந்தார்: "இன்னும் கொஞ்சம் மேலை பிள்ளை. இன்னும் மேலை."