எழுபத்திரண்டுக்குள்

டிசம்பர் 17
காலை எடை 72.0 கிலோ. மூட்டு டாக்டர் நேற்றுச் சொன்னது: "ஜனவரி அஞ்சாம் தேதி ஆபரேஷன். அன்னைக்கு எழுபத்திரண்டு தாண்டக் கூடாதும்மா, தாண்டினா தேதி போயிடும். விடுமுறையில எல்லாரும் ஏத்திக்கிட்டுத்தான் வர்றாங்க."

எல்லாரும் என்றால் நானும் சேர்த்தியா?

முழங்கால் சரியானால் மாடி ஏறலாம். மாடியில் என் அறை. ஒன்றரை வருடமாகக் கூடத்து மூலையில், திரைக்குப் பின்னால், வார்டில் கிடப்பது போல் கிடக்கிறேன்.

எடை மெஷின் என் கட்டிலடியில். காலை ஆறு மணி, வெறும் வயிறு, அதே நைட்டி. எண்ணை நானே பார்த்து எழுதுவேன். அடுத்தவர் படித்துச் சொல்வதை எழுதுவதில்லை.

டிசம்பர் 20
மருமகள் கேக்குக்கு வெண்ணெய் குழைக்கிறாள். அவள் அம்மா வந்திறங்கியதும் பெட்டி நேராக என் அறைக்கு ஏறியது. "பத்து பதினஞ்சு நாள்தானே சம்பந்தி" என்றார். தானே!

என் திட்டம்: மூன்று வேளையும் பாக்கெட் சூப். கிண்ணத்துக்கு அறுபது கலோரி என்று முகப்பிலேயே பெரிதாகப் போட்டிருக்கிறது. பள்ளி விடுதியில் கன்னியாஸ்திரி மதர் எங்களை இனிப்புத் தட்டின் முன் கால்மணி நேரம் கைகட்டி உட்கார வைப்பார். அந்தப் பழக்கம் எங்கே போகும்?

டிசம்பர் 23
73.1.
சூப்பைத் தவிர வேறெதுவும் வாயில் வைக்கவில்லை. அப்படியானால்? சூப் கலந்து தருவது மருமகள்.

டிசம்பர் 26
73.9. இனி சூப்பை நானே கலக்கிக்கொள்கிறேன், கெட்டில் என் பக்கத்தில் இருக்கட்டும் என்றேன். மகன் சிரித்தான். "ஏம்மா, விஷம் வைக்கிறாங்கன்னு பயமா?"
விஷமல்ல, வெண்ணெய். அவனிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 27
மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மோதிரத்தைக் கழட்டிக் குடுங்களேன் அத்தை, பத்திரமா வைக்கிறேன்."

கல்யாணத்தன்று அவர் போட்டுவிட்டது. ஐம்பத்தோரு வருடம். கையை இழுத்துக்கொண்டேன். இதன் மேலுமா கண்?

பிறகு தனியாக முயன்றேன். சோப்புப் போட்டும் வரவில்லை. வராததும் நல்லதுதான்.

டிசம்பர் 28
74.6. அலமாரியில் பதினொரு சூப் பாக்கெட் இருந்தன. இன்று ஒன்றுகூட இல்லை. கேட்டால், "தீர்ந்துபோச்சு அத்தை" — முகத்தைப் பார்க்காமல். பதினொன்று ஒரே நாளில் எப்படித் தீரும்?

மதியம் எனக்கு மட்டும் வேகவைத்த காய், துளி உப்பில்லாமல். தலைக்கு மேலே சம்பந்தியின் நடமாட்டம். புரிகிறது. ஆபரேஷன் நடக்காவிட்டால் அந்த அறை அவருக்குத்தான்.

டிசம்பர் 29
கேட்டேவிட்டேன். "நான் கீழேயே கிடக்கணும், அதானே உனக்கு வேணும்?"

மருமகள் உள்ளே போய்க் காலி பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து, பின்பக்கம் தெரிய என் மடியில் வைத்தாள். "கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்க அத்தை."

எறும்பு வரிசை போல எழுத்து. ஒரு நாளைக்குப் போதுமான உப்பில் பாதி, ஒரே கிண்ணத்தில். நான் குடித்தது மூன்று. பசி தாங்காத நாட்களில் நான்கு.

"உங்க கால்ல செருப்பு வார் பதிஞ்சு கிடக்கு, விரலெல்லாம் வீங்கியிருக்கு. ஏறினது சதை இல்ல, நீர். முந்தாநாளே டாக்டருக்குப் போன் பண்ணினேன். சூப்பை நிறுத்திட்டு உடனே கூட்டிட்டு வரச் சொன்னார். நான் சொல்லி நீங்க கேப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன்.

டிசம்பர் 30
நெஞ்சைச் சோதித்து, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயமில்லை, உப்பைக் குறைத்தால் இறங்கிவிடுமாம்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் என் விரலில் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றி, மெல்ல மெல்லப் பிரித்து மோதிரத்தை எடுத்தாள். ஒரு கீறல் இல்லை.

ஜனவரி 1
73.0. உப்பில்லாத காயைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வாயில் வைக்க வழங்கவில்லை. சொல்லவில்லை.

ஜனவரி 4
சம்பந்தி கிளம்பினார். "உங்க மேசையில ஒரு பேனாவைக்கூட நகர்த்தலை சம்பந்தி. மக உத்தரவு" என்றார்.

ஜனவரி 5
ஆறு மணி. மருமகள் மெஷினை இழுத்துப் போட்டாள். ஏறி நின்றேன். குனிந்து பார்க்கவில்லை.

"எவ்வளவு?"

"எழுபத்தொண்ணு புள்ளி எட்டு அத்தை."

71.8.
மோதிரம் அவளிடம் இருக்கிறது.