கீழ் வரிசையில் கடைசி ஆறு ரிவிட்

ராஜபாளையம்,
ஐப்பசி 4.

அன்பு மகன் வினோத்துக்கு அப்பா எழுதுவது. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், மாத்திரை தவறுவதில்லை, ஆகையால் நலம் என்றே வைத்துக்கொள். நீயும் மருமகளும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உன் அக்கா விஜி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து இரண்டு நாளைக்குக் குழம்பு வைத்துவிட்டுப் போகிறாள். போன வாரம் பால்கோவாவும் கொண்டுவந்தாள், உன் அம்மா வழக்கமாக வாங்கச் சொல்லும் கடையில் வாங்கியதாம். நான் வாயில் வைக்காமல் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். விஜியிடம் தின்றேன் என்று சொல்லியிருக்கிறேன், நீ காட்டிக்கொடுத்துவிடாதே.

தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பார்சலில் நீ கேட்ட வேகன் இருக்கிறது. அதைப் பிரிக்காமல் முதலில் இதைப் படி.

நீ அங்கே உன் கார் ஷெட்டில் பொம்மை ரயில் விட ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனைச் சின்னதாகக் கட்டி, உன் அம்மாவைப் பெற்ற தாத்தா தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்த குவார்ட்டர்ஸையும் பக்கத்தில் வைத்து, மீட்டர் கேஜ் காலத்துக் கூட்ஸ் வேகன் ஒன்று செய்து தாருங்கள் என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மில் ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்குச் சாண் நீள வேகன் ஒரு வேலையா என்று நினைத்தேன். போட்டோ அனுப்பியபோது நீ, எல்லாம் நல்லா இருக்குப்பா, ஆனா ரிவிட் இல்லாம தீப்பெட்டி மாதிரி இருக்கு என்றாய். நியாயமான பேச்சுதான், தகடுகளைச் சேர்த்து அடிக்கிற அந்தக் குமிழ் ஆணி இல்லாமல் கூட்ஸ் வேகன் ஏது, ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. குளிர்பான டின்னை வெட்டி விரித்து, அந்தத் தகட்டில் ஊசியால் வரிசையாகக் குத்தினேன். உன் அம்மா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னங்க இது, வேகனுக்கு அம்மை போட்ருக்கு! ரிவிட்டு வெளிய புடைச்சுல்லா இருக்கும்" என்றாள். அவளுக்குத் தெரியாதா, சின்ன வயதில் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் சைடிங் லைனில் நிற்கும் வேகனைத் தொட்டுத் தொட்டு ரிவிட் எண்ணித்தான் நூறு வரைக்கும் எண்ணவே கற்றுக்கொண்டாளாம். அதற்குப் பிறகு தகட்டைக் குப்புறப் போட்டு, அடியில் சைக்கிள் ட்யூப்பை வைத்து, முனை மழுங்கிய ஊசியால் பின்பக்கத்திலிருந்து அழுத்தினேன். அழுத்தம் கூடினால் ஓட்டை விழும், குறைந்தால் பெயிண்டில் மறைந்துவிடும். என் கண் ஊசி முனையை விட்டு நகரக் கூடாது, அதனால் அவள் எண்ணிச் சொல்லி, மூன்று மில்லிமீட்டருக்கு ஒருமுறை ஸ்கேலை நகர்த்துவாள். நடுவில் நிறுத்தினால் கை மாறி வரிசை கோணிவிடும். அப்படி மூன்று தகட்டைத் தூக்கிப் போட்டோம்.

ஆவணியில் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கடைசித் தகடு, கீழ் வரிசை, அறுபத்து நாலு ரிவிட். ஐம்பத்தெட்டு என்று சொன்னவள், "செத்த நேரம் நிப்பாட்டுங்க, நெஞ்ச என்னமோ அடைக்கி" என்றாள். நான் தலையைத் தூக்கவில்லை வினோத். "இன்னும் ஆறுதாம்ட்டி, எண்ணு" என்றேன். அவள் எண்ணினாள். ஒவ்வொன்றும் மெதுவாக வந்தது, அது என் காதில் விழுந்தது, விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அறுபத்து நாலு என்று சொல்லி ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். நான் தகட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, வரிசை நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அவளைப் பார்த்தேன்.

ஆட்டோவில் கொண்டுபோனோம். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்சம் என்பது ஆறு ரிவிட் நேரம்தானா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் உட்கார்ந்த இடத்தில் திடீரென்று போய்விட்டாள் என்றே சொன்னேன். பதினாறாம் நாள் முடிந்து நீ ஊருக்குக் கிளம்பும்போது, அம்மா கடைசியா என்னப்பா சொன்னா என்று கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். நீ தலையை ஆட்டிக்கொண்டு பெட்டியை எடுத்தாய். அந்த முகம் என்னைத் தூங்க விடவில்லை. அவள் கடைசியாகச் சொன்னது அறுபத்து நாலு. அதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள், நான் நிறுத்தவில்லை. விஜியிடமும் நேற்று சொல்லிவிட்டேன். அவள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு வருவாளோ தெரியாது.

நீதான் வேகன் கேட்டாய், நீதான் ரிவிட் இல்லை என்றாய் என்று உன் மனசு எங்கேயாவது போனால் அதை அங்கேயே நிறுத்து. நீ கேட்டது விளையாட்டுச் சாமான். அவள் நெஞ்சை அடைக்கிறது என்று சொன்னது என்னிடம். கோபம் வந்தால் கோபப்படு, திட்ட வேண்டும் என்றால் போன் போட்டுத் திட்டு, ஆனால் போன் போடாமல் மட்டும் இருந்துவிடாதே. நெஞ்சில் லேசாகப் பிடித்தாலும் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடு, மருமகள் சொன்னால் அந்த நிமிஷமே எழுந்திரு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அந்தத் தகட்டைக் கசக்கிப் போட இரண்டு தடவை கையில் எடுத்தேன். கட்டைவிரலால் தடவினால் அந்தக் கடைசி ஆறும் தட்டுப்படுகிறது, எல்லாம் அவள் எண்ணியது. கசக்க முடியவில்லை, வேகனில் ஒட்டிவிட்டேன். வேகன் இனி உன்னிடமே இருக்கட்டும், என்னால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும், அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள். வேகனுக்கு நான் பெயிண்ட் அடிக்கவில்லை, நீ அடித்துக்கொள். இடது பக்கம், கீழ் வரிசையில் கடைசி ஆறின் மேல் மட்டும் கனமாக அடித்துவிடாதே, மறைந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆவுடையப்பன்