போர்டில் போட்ட கோபுரம்

ஆனி 12, வெள்ளி

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. இன்றைய பூ, கற்பூரம், பஸ் செலவைக் கணக்கில் ஏற்றியாயிற்று.

மகள் கோமதிக்கு வேலை போய் இரண்டு மாதம். மேலகரம் பக்கம் அறக்கட்டளை ஆஸ்பத்திரி. விளக்கம்கூடக் கேட்காமல், 'நாளை முதல் வரவேண்டாம்'. நாத்தனார் வடிவின் மகள் உமாவையும் அரசுக் கழகக் கிடங்கில் இப்படித்தான் நிறுத்தினார்கள். அவள் மதுரை ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டாள். இன்று ஆர்டர்: விசாரிக்காமல் நீக்கியது செல்லாது, திரும்ப வேலை.

வடிவு போனில், "மைனி, அடுத்த வெள்ளி குத்தாலநாதருக்கு உமா பேர்ல அர்ச்சனை. நீங்களும் வரணும்."

வருகிறேன் என்றேன். வயிறு எரிந்தது. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிற விஷயமா இது.

ஆனி 16, செவ்வாய்

கோமதியுடன் தென்காசி வக்கீலிடம். உமா கேஸைப் பார்த்தவர்.

"அதே ரிட்டை எங்களுக்கும் போடுங்க சார்."

"அது சர்க்கார் பணம் போட்டு சர்க்கார் நடத்துத கழகம்மா. அரசியல் சட்ட உரிமைக்கு அது கட்டுப்படணும். உங்க ஆஸ்பத்திரி தனியார்லா."

"வைத்தியம் ஊருக்குப் பொதுதானே?"

"பொதுக் காரியம்னா சில நேரம் கோர்ட் கேக்கும். இது வேலைத் தகராறு. ரிட் நிக்காது. லேபர் ஆபீஸ் போங்க. நாளாகும்."

"போர்டுல கோபுரம் போட்டிருக்கே?"

சிரித்துவிட்டார். "கோபுரம் யாரும் வரையலாம்மா. பணம் யாருது, பிடி யார் கையில, அதைத்தான் கோர்ட் பாக்கும்."

கோமதி என்னைப் பார்க்கவேயில்லை.

கிடங்கு வேலை முதலில் கோமதிக்குத்தான் வந்தது. மூட்டை, எலி, வேண்டாம் என்றேன்; உமா சேர்ந்தாள். ஆஸ்பத்திரி வாசல் போர்டில் கோபுரம். சர்க்கார் முத்திரை என்று கும்பிட்டுவிட்டுச் சேர்த்தேன். "உங்களுக்கென்ன மைனி, கோபுர முத்திரை வேலை" என்ற வடிவின் முகம் அன்றைக்குச் சுருங்கியது. எனக்கு இனித்தது.

ஒரே அநியாயம். அவளுக்கு மதுரை வாசல், எங்களுக்கு லேபர் ஆபீஸ் பெஞ்சு.

ஆனி 19, வெள்ளி

கோமதி மனுவோடு லேபர் ஆபீஸ் போனாள், தனியாக. நான் வடிவோடு குற்றாலம். அருவியில் நல்ல தண்ணீர், கூட்டம்.

சன்னதியில் அர்ச்சகர், "பேரு, நட்சத்திரம்?"

வடிவு வாய் திறப்பதற்குள் நான், "கோமதி, பூரம்."

"மைனி! இது உமாவுக்குல்லா!" பிறகு அவளே, "இருக்கட்டும். உமாவுக்குத்தான் கெடச்சிட்டே. நம்ம கோமதிக்கே செய்யுங்க சாமி."

அந்தப் பெரிய மனசும் அவளுக்குத்தான் வாய்க்க வேண்டுமா.

திரும்பும் பஸ்ஸில் வடிவு திருநீறு நீட்டினாள். மேலகரம் வந்தது. அந்தப் போர்டு, அந்தக் கோபுரம். கை தானாகக் கூப்பப் போனது. முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.